தலையணையோடு கடத்தப்பட்டவர்கள்

அத்தியாயம் மூன்று

"ஆளைக் கடத்துறவன் தலையணையை எதுக்குத் தம்பி தூக்கிட்டுப் போறான்?" என்று கேட்டார் அண்ணி.

"போற வழியில தூக்கம் வந்தா? கடத்தல்காரனும் மனுஷன்தானே அண்ணி" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. நான் சொல்வதற்கெல்லாம் சிரித்தால் தொழில் கெட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை. அவர் என் அண்ணனின் மனைவி. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் நிஜமாகவே செத்தாரா என்று விசாரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அதை உதறிவிட்டு ஒரு சைக்கிள் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கார் ஓட்டவும் கதவு தட்டவும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் சும்மா இருந்த கொழுந்தன் நான்தான்.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது கல் பாலிஷ் தொழிற்சாலையின் இலவச ஓய்வு இல்லத்தில். நீளமான ஹால். இரண்டு பக்கமும் வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள். ஊரார் வீட்டுச் சமையல் மேடைகளைப் பளபளவென்று இழைத்துக் கொடுத்தவர்கள் அவற்றில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் படுத்திருக்கவில்லை. ஹால் முழுக்க மாவு சலிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு ஜோக் எதுவும் வாயில் வரவில்லை.

மொத்தம் முப்பத்தைந்து கட்டில். நாளுக்கு ஒருவராக நான்கு பேர் மாயமாகியிருந்தார்கள். ஆக்சிஜன் சிலிண்டர், மருந்துப் பாட்டில், டம்ளர் எல்லாம் அங்கேயே இருந்தன. ஆளும் தலையணையும் மட்டும்தான் இல்லை.

"இவங்களுக்குப் படுத்தா மூச்சு முட்டும். மூணு தலையணையை அடுக்கிச் சாய்ஞ்சாதான் கண்ணை மூட முடியும்" என்றார் அண்ணி. "எதிரியா இருந்தா அதைப் பத்தி என்ன கவலை? தூக்கிட்டுப் போனவங்க இவங்க மேல பிரியம் உள்ளவங்க தம்பி."

அப்போது எங்களை வரவழைத்த டாக்டர் உள்ளே வந்தார். தொழிற்சாலையின் டாக்டர், இந்த இல்லத்தைக் கட்டி நடத்துகிறவரும் அவரே. வெள்ளை அரைக்கைச் சட்டை, வழித்து வாரிய தலை, எப்போதும் தயாராக ஒரு புன்னகை. அவரைப் பார்த்ததும் கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார்.

"உக்காரு மேஸ்திரி, உக்காரு" என்றார் டாக்டர். எங்களிடம் திரும்பி, "பட்டறையில மேஸ்திரியா இருந்தவர். தங்கமான விசுவாசி" என்றார். நாய்க்குட்டியைத் தட்டிக் கொடுக்கிற குரல்.

"போலீஸுக்கு ஏன் போகலை?" என்றார் அண்ணி.

"பேப்பர்ல வந்துடும்மா. எனக்கு ஒண்ணும் வேணாம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள அந்த நாலு பேரும் இந்தக் கட்டில்ல இருக்கணும், அவ்வளவுதான்."

"அது என்ன மூணு மணி?"

"மருந்து நேரம்."

"நாலு நாளா அந்த நேரம் வரவே இல்லையா சார்?" என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

ஜன்னலுக்கு வெளியே ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பின் வளைவு. அதன் மேல் நீல எழுத்தில் பெரிய பலகை: 'நகரிலேயே மிக அதிக ஆரோக்கிய ஆயுள் – எங்கள் காலனி!' டாக்டர் என் பார்வையைத் தொடர்ந்தார். அவருக்கு முகமெல்லாம் பல்.

"அது நாங்களா எழுதினது இல்ல தம்பி, அரசாங்கக் கணக்கு. புள்ளிவிவர ஆபீஸ்ல என் அக்கா மகதான் அதிகாரி. நான்தான் படிக்க வச்சேன். கல்லுத் தூசியில நுரையீரல் போகுதுன்னு கொஞ்சம் பேர் கேஸ் போட்டாங்க. நம்ம வக்கீல் கோர்ட்டுல இந்த ஒரே எண்ணைத்தான் காட்டினார். 'தூசி ஆளைக் கொல்லும்னா, ஊர்லயே ஆரோக்கியமா நீண்ட நாள் வாழ்றது இந்தக் காலனி ஜனம்தானே, அது எப்படி?' கேஸ் தள்ளுபடி. இப்ப மேல்முறையீடு பண்ணியிருக்காங்க. புது எண் வரட்டும், அதுவும் தள்ளுபடி."

முப்பத்தோரு பேர் மூச்சுக்குத் திண்டாடும் ஹாலில் நின்றுகொண்டு ஒருவர் அப்படிச் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கை பரபரத்தது. அண்ணி அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

வாசலில் காவலாளி. "அந்நிய ஆளு ஒருத்தரும் உள்ள வரலைங்க. என் மேல சத்தியம்" என்றார்.

"நம்புறேன்" என்றார் அண்ணி. ரோட்டுக்கு வந்ததும் என்னிடம், "அந்நியர் வரலைன்னா, வந்தவர் அந்நியர் இல்லை. காவலாளி சலாம் போட்டு உள்ள விட்ட ஆளு. மனசுல வச்சுக்கோ" என்றார்.

ரோட்டைக் கடந்து காலனிக்குள் நுழைந்தோம். ஒரே அச்சில் வார்த்த குட்டி வீடுகள். முதலில் போனது 39-ஆம் எண் வீட்டுக்கு. மூன்றாவதாகக் காணாமல் போனவரின் மனைவி முற்றத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே ரேடியோவில் யாரோ தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்காரர் பத்தி ஏதாவது தகவல் தெரிஞ்சுதாம்மா?" என்றார் அண்ணி.

"தேடிக்கிட்டேதான் இருக்கோம்" என்றார் அந்த அம்மாள். புருஷனைத் தொலைத்தவர் தலையணை உறையை இவ்வளவு பதமாக உதறி உலர்த்தி நான் பார்த்ததில்லை. கொடியில் மூன்று உறைகள் தொங்கின. எல்லாவற்றிலும் ஓய்வு இல்லத்தின் சிவப்பு முத்திரை.

அண்ணி குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார். "ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்கம்மா. இருமல் வெளிய கேக்குது."

அந்த அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. "காட்டிக் கொடுத்துடாதீங்க தாயி" என்றார். "இன்னிக்கு ஒரு நாள். சாயங்காலம் வரைக்கும். அப்புறம் அவங்க எங்களை வீட்டை விட்டே துரத்தினாலும் சரி."

"யாரும்மா கொண்டுவந்து விட்டது?"

"என் நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

அறுப்பதற்கு நாங்கள் கத்தி கொண்டுவரவில்லை. காருக்குத் திரும்பினோம்.

"கேஸ் முடிஞ்சது!" என்றேன். "நாலு பேரும் அவங்கவங்க வீட்டுலயே பத்திரமா இருக்காங்க. டாக்டர்கிட்ட சொல்லிட்டு நாமளும் வீட்டுக்குப் போய்த் தலையணை போட்டுப் படுக்கலாம்."

"எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு. ஏன்னு தெரியலை. ஏன்னு தெரியாம யாரையும் யார் கையிலயும் பிடிச்சுக் கொடுக்க மாட்டேன்" என்றார் அண்ணி. "முப்பத்தஞ்சு பேர்ல ஏன் இந்த நாலு பேர்? வயசு ஒண்ணா இல்லை. நோயோட கடுமை ஒண்ணா இல்லை. சொந்தமும் இல்லை. வீட்டு நம்பரைச் சொல்லு."

"11, 39, 67, 144."

"கழிச்சுச் சொல்லு."

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். விரல் விட்டு எண்ணி, "இருபத்தெட்டு, இருபத்தெட்டு, எழுபத்தேழு" என்றேன்.

"எல்லாம் ஏழால வகுபடுது." அண்ணியின் கண்கள் மின்னின. "ஒரு வீட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு ஏழாவது வீடா எண்ணிக்கிட்டே போனா இந்த நாலும் அந்த வரிசையில விழும். ஆளைப் பார்த்து எடுக்கலை தம்பி. கதவைப் பார்த்து எடுத்திருக்காங்க. இப்படி ஏழுக்கு ஒண்ணு எண்ணிக்கிட்டு வீடு வீடாப் போறது யாரு?"

"கடன் கேக்கறவன் எல்லா வீட்டுக்கும் போவான். திருடன் பூட்டின வீட்டுக்குப் போவான். ஏழுக்கு ஒண்ணா... ஜோசியனா?"

பதில் தானாகவே ஓடி வந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஓய்வு இல்லம் இருக்கும் அதே வரிசையில், குமாஸ்தாக்கள் குடியிருக்கும் தெருக்கள். அங்கிருந்து ஒரு தொப்பைக்கார குமாஸ்தா நட்ட நடு வெயிலில் மூச்சிரைக்க ஓடி வந்தார். எங்கள் காரில் கை ஊன்றி நின்றார்.

"என்ன சார், நாய் துரத்துதா?" என்றேன்.

"எமன் துரத்துறான் தம்பி! எங்க வார்டைப் பத்தித் தெரியாதா? ஊர்லயே ஆரோக்கிய ஆயுள் ரொம்பக் கம்மி அங்கதான். கணக்குப்படி எனக்கு இன்னும் எட்டு வருஷம்தான் கை கால் ஓடும். தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சோம், எண்ணெயை நிறுத்தினோம், ஒண்ணும் நடக்கலை. ரோட்டைத் தாண்டினா கல்லு உடைக்கிறவன் நல்லா இருக்கான், நிழல்ல உக்காந்து எழுதுற நாங்க சாகுறோம். இன்னிக்கு மூணு மணிக்கு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மறுபடியும் சர்வே ஆரம்பிக்குதாம். ஏழு வீட்டுக்கு ஒரு வீடாம். அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சிடலாம்னு ஓடுறேன்."

அவர் மறுபடியும் ஓடினார். அண்ணி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இல்லத்தைப் பார்த்தார். அப்புறம் ரோட்டை.

"வண்டியைத் திருப்பு" என்றார். "ஹால்ல மீதி இருக்கிற முப்பத்தோரு பேர்ல அந்த ஏழாவது வீட்டு வரிசையில விழுறது யாருன்னு பார்க்கணும். அடுத்து காணாமப் போகப்போறது அவர்தான்."

கட்டில் தலைமாட்டில் ஒவ்வொருவரின் காலனி வீட்டு எண்ணும் எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். வரிசையில் பொருந்தியது ஒரே ஒரு கட்டில்தான். 179. டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்கும் மேஸ்திரி.

பார்வையாளர் நேரம். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் துணி அலமாரிக்குப் பின்னால் நின்றோம். முரட்டு மீசையோடு ஓர் ஆள் வருவான், அவன் மேல் பாயலாம் என்று நான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டேன். வெளியே காவலாளி செருப்புச் சத்தம் கேட்க விறைத்துச் சலாம் வைத்தார். உள்ளே வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கண்ணாடி, தோளில் பை, கையில் ஒரு ஃபிளாஸ்க். நேராக மேஸ்திரியிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி மாமா, இன்னிக்காவது வாங்க. வண்டி வெளியே நிக்குது."

"வேணாம்மா. டாக்டர் ஐயாவுக்குத் துரோகம் பண்ண மாட்டேன்" என்றார் மேஸ்திரி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "நீயே இதைச் செய்யலாமா? உன் சொந்தத் தாய்மாமன்."

அண்ணி வெளியே வந்தார். "புள்ளிவிவர அதிகாரிதானேம்மா நீ? டாக்டரோட அக்கா மக?"

அவள் பயந்து ஓடுவாள் என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள். அவ்வளவு கோபத்தை அவ்வளவு அமைதியான முகத்தில் நான் பார்த்ததில்லை.

"மாமா அனுப்பின ஆளுங்களா? சரி, கேட்டுக்குங்க. ஆரோக்கிய ஆயுள்னா என்னன்னு தெரியுமா? ஒருத்தர் எழுபது வயசு வரைக்கும் வாழ்ந்து, அதுல கடைசிப் பத்து வருஷம் படுக்கைன்னா, ஆரோக்கிய ஆயுள் அறுபது. ஒரு வார்டுக்கு அதைக் கணக்குப் போட ரெண்டு விஷயம் வேணும். எந்தெந்த வயசுல எத்தனை பேர் சாகுறாங்க. உயிரோட இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் 'நல்லா இருக்கேன்'னு சொல்றாங்க. சாவு, பதிவேட்டுல இருந்து வரும். ரெண்டாவது, வீடு வீடாப் போய்க் கேக்கற சர்வேயில இருந்து வரும். வீட்டுல இருக்கிறவங்களைத்தான் கேப்போம். ஆஸ்பத்திரி, விடுதி, இல்லம் இதுல இருக்கிறவங்க சர்வேயில வர மாட்டாங்க. இதான் முறையில இருக்கிற ஓட்டை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நாள் சாப்பிடும்போது மாமாகிட்ட விளையாட்டாச் சொன்னேன்."

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "ஓட்டை எங்கே இருக்குன்னுதான் நான் சொன்னேன். மாமா அந்த ஓட்டையில ஒரு கட்டடமே கட்டிட்டார்."

நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுவர், கூரை, முப்பத்தைந்து கட்டில்.

"வார்டு எல்லை இந்த ரோட்டு நடுவுல போகுது" என்றார் அண்ணி மெதுவாக. "இருமறவங்களை ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டு வந்துட்டா, காலனியில நோயாளியும் இல்லை, சாவும் இல்லை. எல்லாச் சாவும் இந்தப் பக்கத்துக் குமாஸ்தாக்கள் தலையில ஏறிடும்."

"முதல்ல கூட்டிட்டு வந்தது எங்கப்பாவை. பட்டறையில மேற்பார்வை பண்ணிட்டு இருந்தார். சொந்த மச்சான்! 'பத்து நாள் ரெஸ்ட் எடுங்க அத்தான்'னு சொன்னார். அதோ அந்தக் கட்டில்ல எட்டு மாசம் உக்காந்தே செத்தார். எங்கம்மா கேஸ் போட்டாங்க. எங்கம்மா கேஸைத் தோற்கடிச்சது நான் போட்ட கணக்கு. எதிர் வார்டு சாவுகள்ல எங்கப்பா பேரைப் பார்த்தப்பதான் எனக்கு விளங்கிச்சு. மேலிடத்துக்கு எழுதினேன். எல்லாம் விதிப்படி சரியா இருக்குன்னு பதில் வந்துச்சு. சரி, விதிப்படியே வச்சுக்கலாம்னு நானும் முடிவு பண்ணினேன்."

"அதுக்காக நோயாளிங்களாப் பொறுக்கி, சர்வே போற வீட்டுல வைக்கிறது ஏமாத்து இல்லையா?" என்றேன். என் வாய் அப்படி.

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணி சொன்னார். "எந்த வீட்டுலயும் அந்நிய ஆளை வைக்கலை தம்பி. அவங்கவங்க வீட்டுல அவங்கவங்களைத்தான் வச்சிருக்கா. ஏழு வீட்டுக்கு ஒரு வீடு. முப்பத்தஞ்சு பேருக்கு அஞ்சு பேர். இந்தக் கட்டடமே இல்லைன்னா சர்வேயில எத்தனை பேர் வந்திருப்பாங்களோ, அத்தனைதான் வருது. ஒரு ஆள் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை."

"சின்ன வார்டு மேடம். அஞ்சு பேர் கூடினாலே எண் இறங்கிடும். மேல்முறையீட்டுல அந்த வக்கீல் எதைக் காட்டுவார்னு பார்க்கறேன்." அவள் பல்லைக் கடித்தாள். "எந்தெந்த வீடுன்னு நான் வெளிய சொன்னது தெரிஞ்சா என் வேலை போகும். போகட்டும். எங்கப்பாவை வச்சு எழுதின பலகை அந்த வளைவுல இருந்து இறங்கறதை நான் கண்ணால பார்க்கணும்."

"நீ எங்கேம்மா சொன்னே? நான் கழிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்றார் அண்ணி. அப்புறம் கைப்பையில் இருந்து போனை எடுத்தார். "டாக்டர், உங்க நாலு பேரும் கிடைச்சுட்டாங்க. அஞ்சாவது ஆளையும் பிடிச்சு வச்சிருக்கேன். மூணு மணிக்கு 179-க்கு வாங்க. ஆம்புலன்ஸோட."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "உங்களையும் மனுஷின்னு நம்பிச் சொன்னேனே" என்றாள்.

அண்ணி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் கையை நீட்டினார். "வாங்கய்யா, உங்க வீட்டுக்குப் போகலாம். டாக்டர் ஐயா அங்கதான் வர்றார்."

டாக்டர் வருகிறார் என்றதும் மேஸ்திரி மறுபேச்சுப் பேசவில்லை. எழுந்துவிட்டார். நான் மூன்று தலையணைகளையும் தூக்கிக்கொண்டேன். அண்ணியிடம் அன்று முழுக்கப் பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அது பத்து நிமிஷம்தான் தாங்கியது.

179-இல் மேஸ்திரியின் மனைவி எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கூடத்து நாற்காலியில் தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்தோம். டாக்டரின் அக்கா மகள் சுவரோடு சுவராக நின்றாள். சரியாக மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தோளில் கனத்த பையோடு ஒரு சின்னப் பெண். கணக்கெடுப்புக்கு வந்தவள். தன் மேலதிகாரியை அங்கே பார்த்ததும் திகைத்தாள்.

"நான் இங்க இல்லைன்னு வச்சுக்கோ. உன் வேலையைப் பாரு" என்றாள் அதிகாரி.

அவள் பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, வீட்டில் இருப்பவர்களை எழுதத் தொடங்கியபோது வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டாக்டர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். உள்ளே நுழைந்தவர் முதலில் மேஸ்திரியைப் பார்த்தார், அப்புறம் தாளைப் பார்த்தார், கடைசியாகச் சுவரோரம் நின்ற அக்கா மகளைப் பார்த்தார். புன்னகை இருந்த இடத்தில் வெறும் பல் தெரிந்தது.

"தூக்குங்கப்பா வண்டியில" என்றார் ஆட்களிடம்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் கணக்கெடுக்கும் பெண். "இவர் இந்த வீட்டுக்காரர். இப்ப வீட்டுல இருக்கார். நான் கேட்டு முடிச்சுக்கறேன். ஐயா, பொதுவா உங்க உடல்நிலை எப்படி இருக்கு? ரொம்ப நல்லா, நல்லா, சுமார், மோசம், ரொம்ப மோசம். அஞ்சுல ஒண்ணு சொல்லுங்க."

"நல்லா இருக்கார். எழுதிக்கம்மா" என்றார் டாக்டர்.

அண்ணி ஜன்னலோரமாக நின்றபடி கேட்டார். "நல்லா இருக்கிறவருக்கு எதுக்கு டாக்டர் ஆம்புலன்ஸ்?"

டாக்டர் ஆம்புலன்ஸ் ஆட்களைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு மணிக்குள்ள கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சுட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க" என்றார் அண்ணி. "இவர் நோயாளியா, இல்லையா? நோயாளின்னா உங்க வாயாலயே என்ன நோய்னு சொல்லுங்க, இந்தப் பொண்ணு எழுதிக்கட்டும். இல்லைன்னா வீட்டுலயே இருக்கட்டும். இவர் மட்டும் இல்லை, அந்த ஹால்ல இருக்கிற அத்தனை பேரையும் இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புங்க. நல்லா இருக்கிறவங்களைப் பிடிச்சு வைக்க உங்களுக்கு என்ன உரிமை?"

வாசலில் காலனி ஜனம் கூடிவிட்டது. ஆம்புலன்ஸ் ஆட்கள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் குழி. அந்த மனிதர் அப்படி விழி பிதுங்கி நிற்பதை ஆற அமரப் பார்த்தேன். எனக்கு வெட்கமே இல்லை, வயிறு குளிர்ந்தது.

டாக்டர் அக்கா மகள் பக்கம் திரும்பினார். "உன்னைத் தூக்கி வளர்த்த கைக்கு நீ செய்யற மரியாதை இதானா?"

"ஆமா மாமா. நீங்க படிக்க வச்ச படிப்புதான். வட்டியோட திருப்பித் தர்றேன்" என்றாள் அவள்.

கணக்கெடுக்கும் பெண் பேனாவை வைத்துக்கொண்டு தவித்தாள். "சார், ஆள் எதிர்ல இருக்கும்போது அடுத்தவங்க சொல்லி நான் எழுதக் கூடாது. ஐயாதான் சொல்லணும்."

டாக்டரின் முகத்தில் உயிர் வந்தது. மேஸ்திரி அவருடைய ஆள். குனிந்து, குரலில் தேன் தடவிப் பேசினார். "அதுவும் சரிதான். நீயே சொல்லு மேஸ்திரி. இந்த வீடு யார் கொடுத்தது, உன் மகனுக்கு வேலை யார் கொடுத்ததுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லு."

சுவரோரம் நின்றவளின் விரல்கள் பையின் வாரை இறுக்கின. அவளுடைய வேலை, அம்மாவின் வழக்கு, அப்பாவின் எட்டு மாதம் எல்லாம் இப்போது அந்த விசுவாசியின் வாயில் இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். மேஸ்திரி என்ன சொல்வார் என்று அவருக்கும் தெரியவில்லை.

மேஸ்திரி வழக்கம் போல எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. இருமல் வந்து உடம்பை உலுக்கியது. அடங்க வெகு நேரம் ஆயிற்று. கணக்கெடுக்கும் பெண் காத்திருந்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி அதைக் கவனித்தார்.

"உங்க மச்சானை இந்தக் கையால பிடிச்சுத்தான் ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் டாக்டரிடம். "வர மாட்டேன்னார். பத்து நாள்ல திரும்பிடலாம்னு நான் சொன்னேன். நீங்க சொல்லச் சொன்னீங்க. அவருக்கு அப்புறம் இன்னும் எத்தனையோ பேர்கிட்ட அதையே சொன்னேன். கடைசியில எனக்கும் அதையே சொன்னீங்க."

"மேஸ்திரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"சொல்றேன்யா." அவர் கணக்கெடுக்கும் பெண் பக்கம் திரும்பினார். "ரொம்ப மோசம்."

அவள் தாளில் ஐந்தாம் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"அழுத்திப் போடும்மா" என்றார் மேஸ்திரி. அவர் கண்கள் டாக்டரை விட்டு அகலவில்லை.

அந்தப் பெண் பேனாவை மறுபடியும் வைத்து, போட்ட வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் போட்டாள்.